பயமா இருக்கு, போட்டுரு

கடைக்கு வெளியே ஒரு பைக் வந்து நின்றால் அக்காவின் கையும் நின்றுவிடும். புரூஃப் தாளில் பேனா ஊன்றிய இடத்தில் மை ஊறிக்கொண்டே இருக்கும். பைக்கில் வந்தவர் எதிர்த்த டீக்கடைக்குப் போகிறாரா, நம் படியில் ஏறுகிறாரா என்று தெரிகிறவரை மூச்சு விடமாட்டார். டீக்கடைக்குப் போனால், "அப்பாடி" என்று சொம்பை எடுத்து மடமடவென்று தண்ணீர் குடிப்பார். படியேறினாலும் குடிப்பார், பாதி சேலையில் போகும்.

நான் போடியில் டிடிபி சென்டர் வைத்திருப்பவள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் உருவாகும். அக்கா நடத்திய வாரப் பத்திரிகைக்கும் பக்கம் அமைத்துக் கொடுத்தவள் நான்தான். அவருக்கென்று தனி ஆபீஸ் கிடையாது. என் கடையின் மூலையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும், முன்னால் வாசல் தெரிய வேண்டும். ஒருநாள் கூட்டிப் பெருக்கிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டேன். "என்ன தாயி, என்னைய முதுகுல குத்த விட்ருவ போலயே" என்று அன்று முழுக்கப் புலம்பினார்.

அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், சட்டத்துக்காகப் போட்டாக வேண்டிய ஒற்றை வரியில் மட்டும் அவர் பேர் வரும். "இதைவிடச் சின்ன எழுத்து கிடையாதா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். உயிரோடு இருந்தபோது அவர் ஒளித்து வைத்த பேரை, அவர் போன பிறகு நான் இழுத்து வெளியே போட்டால் நன்றாக இருக்காது.

பத்திரிகை நாலே பக்கம். வியாழக்கிழமை வரும். ஏலக்காய் ஏல விலைக்காகப் பாதிப் பேர் வாங்குவார்கள். மீதிப் பேர் மூன்றாம் பக்கத்துக்காக. பிறப்பு, சடங்கு, கல்யாணம், சாவு எல்லாம் அந்தப் பக்கத்தில்தான். நடுவில் பிள்ளையின் போட்டோ, கீழே 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' என்று வரிசையாகப் பேர்கள். எங்கள் ஊரில் அந்தப் பேர் வரிசை விளையாட்டுக் காரியம் இல்லை. ஒரு தாய்மாமன் பேர் விட்டுப்போனால் அந்தக் காதுகுத்தே நின்றுபோகும். அப்படி ஒரு தடவை பேர் ஒன்று விட்டுப்போய், அந்த மாமன் ஆட்களோடு வந்துவிட்டார். அக்கா காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான்தான் வாய் கொடுத்துச் சமாளித்தேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர். அதற்குப் பிறகு அக்கா ஒரு பேரைக்கூட விட்டதில்லை. யாராவது பேர் கொடுக்க வந்தால் பேரு, தகப்பன் பேரு, தெரு என்று எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டி, "சரிதானே அப்பு? வாழ்த்துறீங்கதானே?" என்று கேட்டு வாங்கிக்கொள்வார். வாழ்த்தாதவன் பேரை வாழ்த்துகிறவன் என்று போட்டால் அது பொய்யாம். அதற்கும் பயம்.

இப்படிப்பட்ட மனுசி ரெண்டாம் பக்கத்தில் என்ன எழுதினார் என்பதுதான் விசேஷம்.

மலை உச்சியில் மாநில எல்லையான மெட்டு தாண்டி மேலே இருக்கும் ஏலத் தோட்டங்களுக்குக் கீழே இருந்து எங்கள் பெண்கள் தினமும் ஜீப்பில் போய் வருவார்கள். அந்த ஆள் போதாமல் ஆன பிறகு ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று எங்கிருந்தெல்லாமோ குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தோட்டத்து லயங்களிலேயே, வரிசையாகக் கட்டிவிட்ட அந்த ஒற்றை அறை வீடுகளிலேயே, தங்கினார்கள். ஊருக்குள் அவர்கள் எல்லாருக்கும் ஒரே பேர், இந்திக்காரன். டீக்கடையில் அவர்களுக்குத் தனி டம்ளர் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் வந்தால் பேப்பர் கப் கொடுத்தார்கள். அக்கா அதை எழுதினார். அவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அந்தச் சீட்டு இந்தச் சீட்டு என்று அலையவிட்டதை எழுதினார். மழையில் லயத்துச் சுவர் விழுந்ததை எழுதினார். எழுதி முடித்ததும் என் பக்கம் தாளைத் தள்ளுவார். முகம் வெளுத்திருக்கும்.

"பயமா இருக்கு. போட்டுரு."

இதுதான் அவர் சொல்லும் சொல். நான் பழக்கமாகக் கேட்பேன், "பயமா இருந்தா எதுக்குக்கா போடணும்?" என்று. அக்கா உடனே சொம்பைத் தேடுவார்.

தோட்டத்துக்கும் அவரே போவார். அந்தக் கூத்தை நான் கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததுமே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் சும்மா விடுவார்களா? "அக்கா, பள்ளம் நம்மளப் பாக்குதுக்கா!" என்று கத்துவார்கள். பக்கத்து ஊர் சிலமலையிலிருந்து வருகிற பேச்சியம்மாதான் அவர் கையைப் பிடித்துக்கொள்வார். மெட்டு வந்ததும், "போதும், மூஞ்சியத் தொற. செக்போஸ்ட்டு வந்துருச்சு. பிள்ளை பிடிக்கிறவளோன்னு நெனச்சுருவான்" என்பார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

பேச்சியம்மா தோட்டத்து ஸ்டோரில் காய்ந்த ஏலக்காயைத் தரம் பிரிக்கிறவர். அவர் மடியில்தான் சோனி வளர்ந்தாள். ஜார்க்கண்டிலிருந்து வந்த மங்கல் என்பவனின் மகள். அப்பனும் ஆயியும் காட்டுக்குள் காய் எடுக்கப் போய்விட, கைக்குழந்தையிலிருந்தே பகல் முழுக்க அவள் பேச்சியம்மாவிடம் இருந்தாள். பேச்சியம்மாவைத்தான் ஆத்தா என்பாள். பெற்றவர்களுக்குத் தமிழ் நாலு வார்த்தை தேறாது. பிள்ளையோ, "ஏ ஆத்தா, வெரசா சோத்தப் போடு, வகுறு பசிக்குது" என்று அசல் சிலமலைப் பேச்சுப் பேசினாள். மங்கல் மகளைப் பார்த்துச் சிரிப்பான். அவள் சொன்னது புரியாத சிரிப்பு என்று நமக்குத் தெரியும். அக்கா அதையும் ரெண்டு வரி எழுதிப் போட்டார், சோனி போட்டோவோடு.

அக்காவும் அந்த மலையில் பிறந்தவர்தான். அப்போது மேலே இவர் குடும்பம் மாதிரிப் போன தமிழர்கள்தான் வந்தேறிகள். இரண்டு மாநிலத்துக்கும் தண்ணீர் விஷயத்தில் கசப்பு முற்றிய காலத்தில், காட்டுப் பாதையில் இறங்கி ஓடிவந்த கூட்டத்தில் அக்காவும் ஒருத்தி. வந்தவர் இங்கே ஒரு அச்சகத்தில் தாள் மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளி ஆசையாகத் தொடங்கிய பத்திரிகை அவருக்கே அலுத்துப்போக, அதை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அந்த ஓட்டத்தைப் பற்றி அக்கா என்னிடம் ஒருதரம் சொன்னார்.

"துணியையும் சோத்துப் பானையையும் சாக்குல கட்டித் தலையில வச்சு ஓடியாந்தோம். பின்னால ஒருத்தரும் வரல தாயி. வர்றாகன்னு சொன்னாக. அம்புட்டுத்தான். அந்தச் சொல்லுக்கே செருப்பு அத்துப்போக ஓடுனோம். எனக்கு அந்த ஓட்டம் இன்னும் நிக்கல."

தோட்டத்தில் மரம் விழுந்து ஒரு அஸ்ஸாம்காரர் இறந்தபோது அவருக்கு மூன்றாம் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலி போட்டார். அதே வாரம் ஊரில் பெரிய நிலக்காரக் குடும்பத்தில் ஒரு சாவு. ரெண்டு போட்டோவும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டது. பெரியவரின் மகன்கள் காரில் வந்து இறங்கினார்கள். "எங்கப்பா பக்கத்துல எவனோ ஊர் பேர் தெரியாதவன வச்சிருக்கியே, என்ன நெனப்புல இருக்க?" என்று மேசையைத் தட்டினார்கள். அக்காவின் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கக் குனிந்தபடியே, "ஊரும் பேரும் போட்டிருக்கேன் அப்பு. அது செத்தவுக பக்கம். அங்க எப்பிடி எடம் பிரிக்கிறதுன்னு எனக்குத் தெரியல" என்றார். அவர்கள் அதற்குப் பிறகு விளம்பரம் கொடுக்கவில்லை. ஷட்டரை இறக்கிப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தார் அக்கா.

பிறகு அந்த வதந்தி வந்தது. எல்லார் செல்போனிலும் ஒரு ஆண் குரல். வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, சேலை விற்கிறவன் போலவும் கூலியாள் போலவும் வருவார்கள், பகிருங்கள் சொந்தங்களே என்று. குரலில் அழுகை வேறு. என் தங்கச்சி எனக்கு அனுப்பினாள். நான் கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி என் மகனைப் பாதி வகுப்பில் அழைத்துவந்தேன். அவ்வளவு பயம். தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் காணாமல் போனார்கள், அதாவது வீட்டுக்குள் போட்டுப் பூட்டினார்கள். இளவட்டங்கள் கம்போடு முக்கில் நின்றார்கள். காய்கறி வாங்க இறங்கிவந்த ரெண்டு இந்திக்காரப் பையன்களை ஓட ஓட விரட்டினார்கள்.

அக்கா உட்கார்ந்து ஊர் ஊராகப் போன் போட்டார். எந்தத் தெருவில், யார் வீட்டுப் பிள்ளை காணாமல் போனது என்று கேட்டார். ஒரு ஊரிலும் ஒரு பிள்ளையும் போகவில்லை. எல்லாரும் பக்கத்து ஊரைக் கைகாட்டினார்கள். அதை அப்படியே எழுதினார். தாளைத் தள்ளும்போது என் விரலில் அவர் விரல் பட்டது, சில்லிட்டிருந்தது.

"பயமா இருக்கு. போட்டுரு."

போட்டோம். வியாழக்கிழமை காலையிலிருந்து கடைப் போன் அடித்தது. "கடைக்குள்ளதான் பிள்ளைகள ஒளிச்சு வச்சிருக்கியா?" என்றது ஒரு குரல். "உனக்கும் பங்கு உண்டா?" என்றது இன்னொன்று. எல்லாம் உள்ளூர்க் குரல்கள். நாலாவது அழைப்பை நானே எடுத்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "வேணாம், வேணாம். நம்ம ஊர்க்காரகதான், இப்ப ஆள் மாறிக் கெடக்காக."

அன்று மத்தியானம் தேனி, கம்பம் போகிற பத்திரிகைக் கட்டுகளைப் பஸ்சில் ஏற்றப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். கட்டுகளை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது கூட்டத்தைப் பார்த்தோம்.

நடுவில் மங்கல். இடுப்பில் சோனி. அவன் உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியிருந்தது. அவன் மனைவி தேனி பெரியாஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். பிள்ளையை ஆயியிடம் காட்டக் கூட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறான். வெயிலிலும் கூட்டத்திலும் மிரண்ட பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. "ஆத்தாட்டப் போகணும்! விடு, நான் ஆத்தாட்டப் போறேன்!" அப்பனை அவள் பாபா என்றுதான் கூப்பிடுவாள். அது அங்கே ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. இந்திக்காரன் கையில் ஒரு பிள்ளை, அது அசல் நம்மூர்ப் பேச்சில் ஆத்தாவைக் கேட்டு அழுகிறது. கூட்டத்துக்கு வேறு என்ன வேண்டும்?

"எங்க தூக்குன இந்தப் பிள்ளைய? சொல்றா!" மங்கல் எதையோ சொல்லச் சொல்ல, அது இந்தியாக இருக்க இருக்க, ஆட்கள் இன்னும் நெருங்கினார்கள். ஒருவர் கையில் பைக் சங்கிலி இருந்தது.

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். "வா, போயிருவோம்" என்றார். நிஜமாகவே திரும்பி நடந்தார். நானும் நடந்தேன். கழிப்பறைச் சுவர் வரை போயிருப்போம். அங்கே நின்றார். "பயமா இருக்கு" என்றார். அத்தோடு நிறுத்தினார், வழக்கமான அடுத்த சொல் வரவில்லை. பிறகு திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இது அவன் பிள்ளைதான்யா. எனக்குத் தெரியும்."

"அப்ப பிள்ளை ஏன் தமிழ் பேசுது?"

"சிலமலைக்கார அம்மா ஒண்ணு வளக்குது. மேல தோட்டத்துல."

"கத சொல்லாத. இந்தம்மாதான் இவனுகளுக்கு எழுதுறது. இதுவும் கூட்டுத்தான்!"

கூட்டம் மொத்தமும் அக்கா பக்கம் திரும்பியது. நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். வண்டி மெட்டுப் பக்கம் போயிருக்கிறது, வருகிறோம் என்றார்கள். பேச்சியம்மாவுக்குப் போட்டேன். மெட்டுக்கு மேலே டவர் கிடையாது. ஜீப்புகள் இறங்குகிற நேரம் இன்னும் ஆகவில்லை.

அப்போது அவர் செய்த காரியத்தை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு மயிர் கூச்செறிகிறது. ஜாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். கையிலிருந்த பழைய புரூஃப் தாளைத் திருப்பினார்.

"சரி. இவன மொதல்ல பிடிச்சது யாரு? பேரு சொல்லுங்க. பேப்பர்ல போடணும்."

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான்தான்" என்றார் சங்கிலிக்காரர்.

"பேரு? தகப்பன் பேரு? எந்தத் தெரு?"

சொன்னார். அக்கா எழுதினார். "ஏய், நீ எங்க பிடிச்ச? பழக்கடைகிட்ட நான்ல மொதல்ல பாத்தேன்" என்றார் இன்னொருவர். "ரெண்டு பேரு பேரும் போட்டுருவோம் அப்பு, சண்டை வேணாம்" என்றார் அக்கா. அதன் பிறகு எல்லாருக்கும் பேர் வேண்டியிருந்தது. முண்டியடித்தார்கள். எனக்கு முன்னால் அவன் பேர் எப்படி வரும் என்று தங்களுக்குள் சச்சரவு போட்டார்கள். செல்வம் என்ற ஜேசிபி ஓட்டுகிற இளைஞன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "எம்பேர மேல போடுங்க. மத்தவன்லாம் வேடிக்கை பாத்தானுக. கைவச்சது நான் ஒருத்தன்தான்."

"கைவச்சது நீங்கதானே தம்பி?"

"ஆமா. ஒதடு கிழிஞ்சிருக்குல்ல, நான்தான்."

அக்கா எழுதினார். பேனா தாளைக் குத்திக் கிழித்தது.

பிள்ளையைப் பிடுங்க ஒருவர் கை நீட்டினார். "பிள்ளை அவன்கிட்டயே இருக்கட்டும்ணே, போட்டோவுக்கு வேணும்" என்றார் அக்கா. என்னைப் பார்த்தார். ஜீப் இறங்குகிறவரை இழுத்தடிக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. போனை எடுத்தேன். உயரமானவர்கள் பின்னால், மற்றவர்கள் முன்னால் என்று நிறுத்தினேன். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று இடம் மாற்றினேன். தலை சீவிக்கொள்ளச் சொன்னேன், சீவினார்கள். நடுவில் மங்கல் நின்றான், தன்னை என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாமல். பிள்ளை அழுது ஓய்ந்து அவன் தோளில் விக்கிக்கொண்டிருந்தது. அவன் கண் என்னையே பார்த்தது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்றுதான் அவன் நினைத்திருப்பான்.

அக்கா பேர்களைத் திரும்ப வாசித்துக் காட்டினார். திருத்தினார். மறுபடியும் வாசித்தார். முதல் ஜீப் வந்தது, அதில் பேச்சியம்மா இல்லை. அடுத்ததிலும் இல்லை. "எம்புட்டு நேரம்மா எழுதுவ?" என்று சங்கிலிக்காரர் முறைத்தார். அக்காவின் மேலுதட்டில் வியர்வை கோத்திருந்தது. "முடிஞ்சுச்சுண்ணே, முடிஞ்சுச்சு. அந்தக் கடைசி அண்ணன் தகப்பன் பேரு?" என்றார்.

மூன்றாவது ஜீப்பிலிருந்து பேச்சியம்மா இறங்கினார். நான் கத்திய கத்தலில் தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். சோனி அப்பன் தோளிலிருந்து தாவினாள். "ஆத்தா! பாபாவ அடிச்சுட்டாங்க ஆத்தா!"

"எடுபட்ட பயலுகளா! எம்பேத்திய என்னடா செஞ்சீக? பெத்த அப்பன் பிள்ளையத் தூக்குனா அடிப்பீகளா? எவன்டா அவன் மேல கைவச்சது?"

ஒருவரும் நானென்று சொல்லவில்லை. சங்கிலி கால்சட்டைப் பைக்குள் போனது. அவரவருக்குத் திடீரென்று சோலி ஞாபகம் வந்தது. போலீஸ் வண்டி வருமுன்பே பஸ் ஸ்டாண்டு வெறிச்சென்று ஆனதும் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். மங்கலையும் பிள்ளையையும் பேச்சியம்மா தேனிக்குக் கூட்டிப்போனார். அன்று சாயங்காலம் அங்கே ஒரு ஆண் குழந்தை பிறந்தது.

மறுநாளிலிருந்து பேர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அந்தச் செய்தியைப் போட வேண்டாம், பேரை எடுத்துவிடுங்கள். கெஞ்சினார்கள், சிலர் மிரட்டினார்கள். பைக் நிற்கும்போதெல்லாம் சொம்பு காலியானது. "விட்ருவோம்க்கா" என்று நானே சொன்னேன்.

"பேப்பர்ல போடுறேன்னு சொல்லித்தான தாயி எழுதுனேன். போடலன்னா நான் சொன்னது பொய்யாயிரும்ல" என்றார். பிறகு தாளை எடுத்துவைத்துக்கொண்டு, நம்பர் விசாரித்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டார்.

"அப்பு, அந்த மங்கலுக்கு ஆம்பளப் பிள்ளை பொறந்திருக்கு. நீங்க வாழ்த்துறீங்களா?"

முதலில் எதற்கென்று திருப்பிக் கேட்பார்கள். பிறகு, "வாழ்த்துறேன்க்கா. நல்லா வாழ்த்துறேன்" என்று வரும். ஒருவர் அழுதுவிட்டார். செல்வத்துக்கும் போட்டார். அவன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி வைத்துவிட்டான்.

அடுத்த வியாழக்கிழமை மூன்றாம் பக்கத்தில் நடுநாயகமாக, பேச்சியம்மா கைபேசியில் எடுத்த கைக்குழந்தைப் படம். பக்கத்தில் சோனி. மங்கல் தம்பதியருக்கு ஆண் குழந்தை, சோனிக்குத் தம்பி. கீழே வாழ்த்தும் நெஞ்சங்கள் என்று அத்தனை பேர், தகப்பன் பேரோடு, தெருவோடு. பஸ் ஸ்டாண்டில் நின்ற ஆள் ஒருவர்கூட விடுபடவில்லை, ஒருவனைத் தவிர. என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். வரிசையைப் படித்தவர்கள் எல்லாரும் அந்த இல்லாத பேரைத்தான் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

மறுநாள் காலையில் பைக் வந்து நின்றது. அவன் டீக்கடைக்குப் போகவில்லை.

"எல்லாப் பய பேரும் இருக்கு. எம்பேரு எங்க?"

அக்கா நாற்காலியோடு சுவரில் ஒட்டிக்கொண்டார். "நீங்க வாழ்த்தலையே தம்பி."

"எம் மாமனார் வீட்டுல கேக்குறாக. டீக்கடையில சிரிக்கிறானுக. அடிச்சவன் இவன்தான்னு ஒட்டி வச்ச மாதிரி இருக்கு!" மேசையைத் தூக்கித் தள்ளினான். என் கீபோர்டு கீழே விழுந்தது. நான் கத்தியிருக்க வேண்டும், என் நீளமான வாய் திறக்கவே இல்லை.

அக்காவின் பல் தந்தியடித்தது. "வாழ்த்துறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பி. அடுத்த வாரமே போடுறேன்."

அவன் நின்றான். அவன் தாடை அசைந்தது. சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சொல்லாமல் படியிறங்கிப் போனான்.

அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்த பைக் டீக்கடை ஓரத்தில் நிற்கும். அதன் மேல் அவன் உட்கார்ந்திருப்பான். கடையையே பார்ப்பான். ஒன்றும் செய்யமாட்டான். அவன் எதற்கு வருகிறான் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா சந்து வழியாக வந்து போகப் பழகிக்கொண்டார். ரெண்டாம் பக்கத்தில் எழுதுவதை நிறுத்தவில்லை. மங்கலின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது அந்த நாட்களில்தான்.

போன ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வீட்டு உள்தாழ்ப்பாள் போட்டு, அதற்கு மேல் ஒரு ஸ்டூலையும் முட்டுக் கொடுத்திருந்தார். கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்கள். அந்த ஸ்டூலைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

கண்ணீர் அஞ்சலியை நான்தான் போட வேண்டும். போட்டோவே கிடையாது. வாக்காளர் அட்டையில் இருந்த மிரண்ட முகத்தைப் பெரிதாக்கினேன். பேர் கொடுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், அந்த வாழ்த்தும் நெஞ்சங்களில் பலரும். மங்கல் மலையிலிருந்து இறங்கி வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சோனி, பள்ளிக்கூடச் சீருடையில்.

அப்போது வெளியே பைக் நின்றது. என் கையும் நின்றது.

செல்வம் படியேறி வந்தான். மங்கல் அவனைப் பார்த்த நொடியில் எழுந்து, மகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"எம்பேரு..." என்று தொடங்கினான் செல்வம்.

சோனி அப்பன் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். "மாமா, நீங்கதான எங்கப்பாவ அடிச்சது?"

சிலமலைப் பேச்சு, மணி மணியாக. எல்லாரும் கேட்டோம். மங்கலுக்கும் இப்போது தமிழ் புரியும். அவன் கை பிள்ளையின் வாயைப் பொத்தப் போனது.

"ஆமா தாயி" என்றான் செல்வம். நின்றவாக்கில் அழுதான்.

மங்கல் அவனைப் பார்த்தான். பயம் அவன் முகத்தை விட்டுப் போகவில்லை, எனக்குத் தெரியும், என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும். பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். பக்கத்து இடத்தைக் கையால் காட்டினான்.

வந்த வரிசைப்படி மங்கல் பேருக்கு அடுத்து செல்வம் பேர் வந்தது. தகப்பன் பேர் கேட்டேன், தெரு கேட்டேன், திரும்ப வாசித்துக் காட்டினேன். "பக்கத்துல பக்கத்துல வருது, பரவாயில்லையா?" என்று மங்கலைக் கேட்டேன்.

"போடுங்க அக்கா" என்றான்.

அக்காவின் சொம்பில் மீதியிருந்த தண்ணீரைக் குடித்தேன், பாதி சேலையில் போனது. பயமாக இருந்தது. போட்டுவிட்டேன்.